காலி டேங்க்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். உயரமான வண்டி; மண் ரோட்டில் ஓட்டுவதற்கென்று ஜப்பானில் செய்தது. என் அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் கொண்டு வந்தது. "சொல்தா வண்டி" என்றுதான் தெருப் பிள்ளைகள் அதைச் சொல்வார்கள். அத்தான் ஓட்ட, அக்கா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதைப் பார்த்தவர்கள் முத்தியால்பேட்டையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்த வண்டியில் ஒரு விசேஷம், அதன் பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக். நம் ஊர் வண்டிகளில் டேங்க் என்றால் தகரம்தான். இது பால் வெள்ளையாக இருக்கும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே நிழலாகத் தெரியும். அத்தானுக்கு அதில் பெருமை அதிகம்.

அத்தான் போனபிறகு அக்கா மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டார். வண்டி என் பொறுப்பில் வந்தது. எனக்கு இரண்டு சக்கரத்தில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. இருந்தாலும் மாதம் ஒருமுறை துடைப்பேன். டேங்கை மட்டும் கழற்றிப் பரணில் வைத்திருந்தேன்.

போன வருடம் ஜனவரியில் மருமகன் போன் செய்தான். "மாமா, ஏப்ரல்ல பள்ளி லீவுக்கு நாங்க எல்லாரும் வரோம். அம்மாவும் வராங்க. அப்பா வண்டிய ஓடற மாதிரி செய்ய முடியுமா? அம்மாவ ஒரு தடவ அதுல கூட்டிட்டுப் போவணும்." முடியும் என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழுவினார், டயர், பிரேக் கேபிள் மாற்றினார். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்தவன் என்பதால் ஆர்.சி., இன்சூரன்ஸ் காகிதமெல்லாம் நானே அலைந்து சரிசெய்தேன். டேங்க் ஒன்றுதான் பாக்கி.

பரணிலிருந்து அதை இறக்கும்போது ஆள் யாரையும் கூப்பிடவில்லை. எழுபது வயது தாண்டியவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு கையால் இறக்கினேன். கை வழுக்கியது. நேரே போய்த் துணி துவைக்கிற கல்லின் விளிம்பில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கம், இடது ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். புது டேங்காக இருந்திருந்தால் துள்ளி விழுந்திருக்கும். வருடக்கணக்கில் வெயில் பட்ட பிளாஸ்டிக் மஞ்சளாகி, இளக்கம் போய், ஓடு மாதிரி ஆகிவிடுகிறது.

வீட்டில் என் மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஏங்க, அக்காவுக்கு இப்பவே சொல்லிடுங்க." நான் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் பசை. கடையில் கிடைக்கிற, இரண்டு குழம்பைக் கலந்து பூசுகிற எப்பாக்ஸி பசையை வாங்கி, விரிசல் மேல் தாராளமாக அப்பினேன். மறுநாள் கல் மாதிரி இறுகியிருந்தது. மூன்றாம் நாள் நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன்; ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பசையைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. மெழுகின் மேல் பசை ஒட்டுமா? அது போலத்தான்.

என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள, பள்ளியில் படித்தது உதவியது. எங்களுக்கு அறிவியல் பிரெஞ்சில்தான். பொருளின் அடர்த்தியை 'தான்சித்தே' என்று சொல்லிக் கொடுத்து, முட்டையையும் உப்புத் தண்ணீரையும் வைத்துக் காட்டிய வாத்தியாரை இந்த வயதிலும் மறக்கவில்லை. டேங்கின் அடிப்பக்கத் தையலிலிருந்து பிளேடால் ஒரு சிறு சுருள் சீவி, டம்ளர் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. அமுக்கிவிட்டாலும் மேலே வந்தது. இன்னொரு சுருளைக் கழுவிக் காயவைத்து, டேங்குக்குப் பக்கத்தில் இல்லாமல், கொல்லைப்புறம் கொண்டுபோய்க் காய்ந்த ஊசியால் தொட்டேன். மெழுகுவத்தி அணைத்த வாசனை. இரண்டும் சேர்ந்தால் அது பாலிஎத்திலீன். நைலான் போன்ற வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் தண்ணீரில் மூழ்கும். அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

பாலிஎத்திலீனுக்கு ஒரே வழி, அதையே உருக்கி அதோடு சேர்ப்பது. சுமார் 130 டிகிரியில் இளகிவிடும். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கிற சால்டரிங் அயர்ன் போதும். பேரன் வாங்கிப் போட்ட ஒன்று வீட்டில் இருந்தது.

டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலை வடித்தேன். சோப்புத் தூள் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு, டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, அயர்னைப் பிளக்கில் செருகினேன்.

அந்த நேரத்தில்தான் ஃபிட்டர் அண்ணன் வந்தார். மூன்றாவது வீடு. ஆலையில் ஃபிட்டராக இருந்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தினமும் சாயங்காலம் பேப்பர் வாங்கிப் போக வருவார். வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தார். பேசாமல் உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"என்ன தம்பி செய்யற?"

"காலி டேங்க் அண்ணே. கழுவிட்டேன்."

"காலி டேங்க்னு ஒண்ணு கெடையாது. ரொம்பி இருக்கற டேங்கவிட இதான் ஆபத்து."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. வாசனையே இல்லையே என்றேன். அவர் வாதம் செய்யவில்லை. "மூடிய நல்லா மூடி, நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் வெயில்ல வை. நான் வந்து தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்து மூடியைத் திறந்து, என் மூக்கருகில் காட்டினார். பெட்ரோல் பங்கில் நிற்பது போல வாசனை அடித்தது. தண்ணீர் விட்டுக் கழுவிய, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாத டேங்க் அது.

காரணத்தை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். இந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலைக் கொஞ்சம் குடித்து வைத்திருக்கும், பழைய ஊறுகாய் ஜாடி எண்ணெயைக் குடித்து வைத்திருப்பது போல. கழுவினால் மேலே இருப்பது போகும். சூடு பட்டால் சுவருக்குள் இருப்பது வேர்த்து வெளியே வரும். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழு பங்கு வரை ஆவி கலந்திருந்தால் போதும், பற்றும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. 'காலி' டேங்கில்தான் காற்றும் ஆவியும் சரியான அளவில் கலந்து நிற்கும். பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொள்ள 250, 280 டிகிரி போதும், பொறிகூட வேண்டாம். சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல். அதை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கடைசியாகச் சொன்னார்: "எங்க ஆலைல ஒருத்தர் காலி டிரம்முனு வெல்டிங் வெச்சாரு. டிரம்மோட மூடிய ரெண்டு கட்டடம் தள்ளி எடுத்தாங்க." அவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில் எத்தனை ஆயிரம் காகிதங்களில் "சரிபார்த்தேன்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருப்பேன்! சிலதை உண்மையாகவே பார்த்தேன். சிலதைக் கீழே இருந்தவர் பார்த்திருப்பார் என்று நம்பிப் போட்டேன். தப்பு நடந்திருந்தால் ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். இந்த டேங்கை மூக்கால் ஒருமுறை முகர்ந்துவிட்டு மனதுக்குள் அதே சுருக்கொப்பத்தைப் போட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அண்ணன் சொன்னபடி செய்தேன். வென்னீரும் சோப்பும் விட்டு ஐந்து தடவை கழுவினேன். மூடியையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, காற்றாடத் திறந்த வெளியில் பத்து நாள் வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடி, வெயிலில் வைத்து, திறந்து முகர்ந்து எழுதினேன். நான்காம் நாள், 'பலம்'. ஆறாம் நாள், 'குறைவு'. பத்தாம் நாள், 'லேசாக'. முழுசாகப் போகவே இல்லை.

"போவாது," என்றார் அண்ணன். "அதுக்குத்தான் தண்ணி."

இந்த வழியை யாராவது செய்ய நேர்ந்தால் உதவும் என்று விவரமாக எழுதுகிறேன். டேங்கின் மூடியை நன்றாக மூடி, தலைகீழாகக் கவிழ்த்தோம். இப்போது விரிசல் மேலே வந்துவிட்டது. பெட்ரோல் குழாய் கழற்றிய ஓட்டையும் மேலே. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றி, விரிசலுக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் நிரப்பினோம். மூடியில் காற்றுப் போகிற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. மூடிக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை வைத்துத் திருகினோம். டேங்கு முழுவதும் இருந்த இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டதால் ஆவி நிற்க இடமில்லை. மேலே உள்ள ஓட்டையை அடைக்கக் கூடாது. அது திறந்தே இருக்க வேண்டும்.

வேலை செய்தது வீட்டுக்குள் அல்ல, கொல்லையில் வேப்ப மரத்தடியில். பக்கத்தில் ஒரு வாளி மணல், நனைத்த கோணி. சமையலறை ஜன்னலை மூடி அடுப்பை அணைக்கச் சொன்னோம். பூஜை விளக்கையும் அன்று ஏற்றவில்லை. மனைவி முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்.

முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் கை துரப்பணத்தால் சின்னத் துளை போட்டோம். இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே போகும். வட்டத் துளையில் வந்தால் நின்றுவிடும். பிறகு விரிசல் நெடுகக் கத்தியால் சரிவாகச் சீவி வாய்க்கால் மாதிரி பண்ணினோம், சுவரின் பாதி ஆழத்துக்கு. இட்டு நிரப்ப அதே ஜாதிப் பிளாஸ்டிக் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் வெள்ளையாக இருக்கும்; அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். அதை இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமனான கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொண்டேன்.

அயர்ன் முனையால் வாய்க்காலின் இரண்டு கரையையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்க வேண்டும். அதன் பிறகுதான் கீற்று. கீற்றை மட்டும் உருக்கி மேலே ஊற்றினால் அது பசை போலத்தான், ஒட்டாது. அடியில் இருப்பதும் சேர்ந்து இளக வேண்டும். ஒரே இடத்தில் அயர்னை நிறுத்தினால் பழுப்பாகிக் கருகிவிடும், அந்த இடம் பலமிழக்கும். மெதுவாக, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்பி முடித்ததும், ஜன்னல் கொசுவலைக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில் ஒரு துண்டு வெட்டி, மேலே வைத்துச் சூட்டால் அமுக்கினோம். வலை உள்ளே அமிழ்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. எனக்குக் கண் மங்கல். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மூன்று மணி நேரம் ஆனது.

ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வைத்தோம். ஒரு சொட்டு இல்லை. நான் குதித்தேன். அண்ணன், "தண்ணி நிக்கற எடத்துல பெட்ரோல் நிக்காது" என்றார். பெட்ரோல் தண்ணீரைவிட இளசு, தண்ணீர் நுழையாத சந்தில் அது நுழையும். எனவே டேங்கைக் காயவைத்து, ஒட்டுப்போட்ட இடத்தில் சாக்பீஸ் தேய்த்து, இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, மரத்தடியில் செங்கல் மேல், ஒட்டு கீழே வருகிற மாதிரி நேராக வைத்தோம். அடியில் செய்தித்தாள். தினமும் காலை, மாலை பார்த்து நோட்டில் எழுதினேன். எட்டு நாள் 'காய்ந்துள்ளது'.

ஒன்பதாம் நாள் காலை சாக்பீஸ் மேல் கடுகளவு ஈரம்.

உண்மையைச் சொல்கிறேன். அதைத் துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பனியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நோட்டில் எழுதினால் மறுபடி முதலிலிருந்து, வடித்து, கழுவி, பத்து நாள் காயவைத்து எல்லாம் செய்ய வேண்டும். இந்த டேங்க் சூடான எஞ்சினுக்கு மேலே, மருமகனின் இரண்டு முழங்காலுக்கு நடுவே இருக்கப்போகிறது, பின்னால் என் அக்கா உட்காரப்போகிறார் என்பதை நினைத்துக்கொண்டு, 'கசிவு, வலது முனை' என்று எழுதினேன். அண்ணனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

இரண்டாம் தடவை முனைத் துளையைச் சுற்றி அகலமாகச் சீவிச் செய்தோம். அங்கே முதலில் அடிச்சுவர் சரியாக இளகவில்லை, மேலே மட்டும்தான் மூடியிருந்தது. இந்த முறை இருபத்தொரு நாள் பெட்ரோலோடு வைத்தேன். இருபத்தொரு நாளும் காய்ந்தே இருந்தது.

ஏப்ரலில் அவர்கள் வந்தார்கள். அக்கா வண்டியைச் சுற்றி வந்து, டேங்கைத் தடவினார். அடியில் இருந்த தழும்பு கையில் தட்டுப்பட்டதும் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டூல், துவைக்கிற கல், மடியில் வைத்த சால்டரிங் அயர்ன் உட்பட. அக்கா அதிர்ந்துதான் போனார். "டேய், வண்டி போனாப் போவுது. நீ போயிருந்தா நான் யார் வீட்டுக்குடா வருவேன்?" என்று அழுதுவிட்டார். டேங்கை உடைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருமகன் நோட்டுப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்தான். தமிழ் படிக்கக் கொஞ்சம் திணறுவான். 'கசிவு' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டான். 'ஃபுய்த்' என்றேன். அந்தப் பக்கத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி மாமா, ஓட்டறேன்" என்றான்.

நான் மூன்று நிபந்தனை போட்டேன். பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல் கூடாது. ஊருக்குள் மட்டும், சென்னைக்கெல்லாம் போகக் கூடாது. ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும் முன்பும் குனிந்து தழும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அக்கா இப்போது ஒரு பக்கமாக உட்கார முடியாது, சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். ஃபிட்டர் அண்ணனும் நானும் வாசலில் நின்றோம். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். அந்த இருபது நிமிஷமும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருமகன் திரும்பிப் போய், அதே வண்டிக்குப் புது டேங்க் ஒன்று தேடிப் பிடித்திருக்கிறான். அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறானாம். வந்ததும் இதைக் கழற்றிவிடுவேன். ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதுதான், இருபத்தொரு நாள் தாங்கியது இருபத்தொரு வருடம் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இதைப் படிக்கிற நண்பர்களில் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் வண்டியைப் பிரித்துப் போடுகிற வீடுகளும் இருக்கலாம். புது டேங்க் கிடைத்தால் புதுசே போடுங்கள். கிடைக்காவிட்டால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை என்று யாராவது சொன்னால், மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைக்கச் சொல்லுங்கள்.

ஃபிட்டர் அண்ணன் இப்போதும் சாயங்காலம் பேப்பர் வாங்க வருகிறார். வந்ததும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, என் மடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.